நாலாவது காலின் எக்ஸ்ரே

எங்கள் அத்தான் எந்த நாற்காலியிலும் உட்காருவதற்கு முன்னால் அதைக் கவிழ்த்துப் பார்ப்பார். சொந்த வீட்டில் மட்டுமில்லை, போகிற வீட்டிலும். நாங்கள் மூன்று பேரும் யார் வீட்டுக்காவது போனால், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அக்கா அவர் காதுக்குள் "கவுக்காதீங்க" என்று சொல்லி வைப்பாள். அவரும் பெரிய மனுஷனாகத் தலையாட்டுவார். வீட்டுக்காரர் தண்ணீர் எடுக்க உள்ளே போய்த் திரும்புவதற்குள் அத்தான் தரையில் மல்லாந்து கிடப்பார், தலை மட்டும் சோபாவுக்கு அடியில் இருக்கும். "ஐயோ, மயக்கமா?" என்று பதறுவார்கள். "இல்லைங்க, பழக்கம்" என்று நான்தான் சொல்ல வேண்டும்.

அத்தானுக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. ஆசை மட்டும் பழைய மரச்சாமான் மேல். நூறு வயசுக்குக் குறைந்த எதையும் அவர் மதிக்க மாட்டார், என்னையும் சேர்த்து. நான் அக்காவுக்கு அடுத்தவள். அவர்கள் வீட்டு மாடியறையில் தையல் மெஷின் போட்டுப் பிழைக்கிறேன். அவர் வாங்கிப்போடும் நாற்காலிகளின் கிழிந்த மெத்தையைப் பிரித்து, உள்ளே இருக்கும் எலிப் புழுக்கையைக் கொட்டி, புது உறை தைப்பது என் தலையெழுத்து. அதனால் அவரைத் திட்டும் உரிமை எனக்கு உண்டு. அதை நான் வீணாக்குவதில்லை.

இந்தப் பைத்தியம் அவருக்கு எங்கிருந்து பிடித்தது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். எக்ஸ்ரே அறையில் ஒரு சட்டம் உண்டு. படம் எடுப்பவருக்கு எல்லாம் தெரியும், ஆனால் அவர் எதையும் சொல்லக் கூடாது. உள்ளே வருகிற ஒவ்வொருவரும் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்து, "என்னங்க தெரியுது?" என்று கேட்பார்கள். இருபத்தாறு வருஷமாக அத்தானின் பதில் ஒன்றுதான். "நாங்க சொல்லக் கூடாதுங்க. டாக்டர்தான் சொல்லணும்." ஒரு மனுஷன் எத்தனை வருஷம்தான் வாயைக் கட்டிக்கொண்டு இருப்பான்? மேஜை நாற்காலி விஷயத்தில்தான் அவர் பார்த்ததை எல்லாம் பார்த்தபடி சொல்லலாம். கடை நடுவில் நின்று, "இந்த முதுகுப்பலகை ஒரு நாற்காலியோடது, காலு வேற நாற்காலியோடது, ரெண்டையும் சேத்து வச்சு ஏமாத்தறீங்க" என்று அவர் சத்தம் போடும்போது முகத்தில் அப்படி ஒரு ஆனந்தம் இருக்கும்.

அந்தச் சட்டத்தை அவர் வீட்டுக்காரியிடம்கூடத் தளர்த்தவில்லை. ஆறு வருஷத்துக்கு முன் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். மணிக்கட்டு வீங்கிவிட்டது. அத்தானே படம் எடுத்தார். விளக்குப் பலகையில் அதை மாட்டியதும், எலும்பு இரண்டாக நிற்பது கதவோரம் நின்ற எனக்கே தெரிந்தது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, "என்னங்க, என்ன தெரியுது?" என்று கேட்டாள்.

"நாங்க சொல்லக் கூடாதும்மா. டாக்டர்தான் சொல்லணும்."

கட்டின பெண்டாட்டிக்கு இந்தப் பதில். மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்த அக்கா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. துண்டு எங்கே என்று கேட்டால், "டாக்டரைக் கேளுங்க" என்பாள். நானும் என் பங்குக்கு நாலு வார்த்தை கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "சொல்லியிருந்தா அப்பவே அழுதிருப்பா, டெய்லரம்மா. டாக்டர் வர்றதுக்குப் பத்து நிமிஷம் ஆச்சு. அந்தப் பத்து நிமிஷம் அழாம இருந்தால்ல" என்றார். எனக்குக் கோபம் குறையவில்லை. ஆனால் பேச்சை அதோடு விட்டுவிட்டேன்.

தினமும் காலையில் எக்ஸ்ரே மெஷினைப் போட்டதும் அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு சோதனைப் படம் எடுக்க வேண்டும். மற்றவர்கள் சாவிக்கொத்தை வைத்து எடுப்பார்கள். அத்தான் நாற்காலிக் காலை வைத்து எடுப்பார். எந்தக் கடையில் எந்தச் சாமான் பிடித்திருந்தாலும் ஒரு காலை மட்டும் கழற்றித் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விடுவார். உள்ளே இருப்பது மர ஆணியா, இரும்பு ஆணியா, திருகாணி என்றால் அந்தக் காலத்து மொட்டை நுனியா, இந்தக் காலத்து ஊசி நுனியா என்று படத்தில் தெரிந்துவிடுமாம். புழு அரித்த ஓட்டைகூட மெய்யா பொய்யா என்று சொல்லிவிடுவார். "புழு என்னைக்கும் நேராப் போகாது. வளைஞ்சு நெளிஞ்சு, போன வழியே திரும்பி வந்து, மறுபடி போகும். நேரா ஓட்டை இருந்தா அது கடைக்காரன் போட்டது" என்பார். மனுஷனை நம்பாதவர் புழுவை அப்படி நம்புவார்.

ஒருநாள் அந்தப் படம் ஒன்று நோயாளிகளின் படங்களோடு கலந்து எலும்பு டாக்டரின் மேஜைக்குப் போய்விட்டது. டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஆடிப்போய்விட்டார். "யாரு இவருக்கு ஆபரேஷன் பண்ணது? ஸ்க்ரூ இவ்வளவு கோணலா போயிருக்கு. எப்படி நடந்து வந்தாரு? உடனே ஆளை உள்ள கூப்பிடுங்க" என்றார். அத்தான் கையைக் கட்டிக்கொண்டு, "நடந்து வரலை சார். நான்தான் தூக்கிட்டு வந்தேன். வெளிய சுவத்துல சாஞ்சு நிக்கிறாரு" என்றார். வேலை போகாமல் தப்பியது புண்ணியம். அடுத்த வாரம் அந்த டாக்டரே வீட்டிலிருந்து தன் மாமனாரின் கைத்தடியைக் கொண்டுவந்து, இது அசல் கருங்காலிதானா என்று பார்க்கச் சொன்னார்.

இப்படி எலும்பும் மரமுமாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்ததுதான் எங்கள் வீட்டுச் சாமான்கள். ஹாலில் ஒரு சாய்ந்தாடும் நாற்காலி இருக்கிறது. அதில் ஒரு மணி நேரம் ஆடினால் சமையலறை வாசலுக்கு வந்து சேரலாம். அலமாரிக் கதவைத் திறக்க முழங்காலால் ஒரு இடி, தோளால் ஒரு தூக்கு. ஏதோ ரயில் நிலையத்தின் காத்திருப்பு அறையிலிருந்து வந்த நீளப் பெஞ்சு ஒன்று. அதில் உட்கார்ந்த விருந்தாளி எவரும் அரை மணியில் ஊருக்குக் கிளம்பிவிடுவார். நாற்காலிகள் ஆறு. ஆறும் ஆறு உயரம்.

இல்லாதது ஒன்றுதான். சாப்பாட்டு மேஜை.

வீட்டுக்கு நடுநாயகமான சாமான் என்பதால் அதில் மட்டும் அவசரப்படக் கூடாது என்பது அத்தானின் கட்சி. அவசரப்படாமலே பதினோரு வருஷம் ஓடிவிட்டது. பார்த்த மேஜைகளுக்குக் கணக்கில்லை. ஒன்றின் பலகை பழசு, கால் புதுசு. இன்னொன்றில் எல்லாம் பழசு, ஆனால் யாரோ புத்திசாலி வார்னிஷ் அடித்துக் கெடுத்துவிட்டான். இன்னொன்று எல்லா விதத்திலும் அசல், ஆனால் பிரேதப் பரிசோதனை மேஜையாக இருந்தது என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னார். அன்றைக்கு அக்கா கடையிலேயே கையெடுத்துக் கும்பிட்டாள்.

அதனால் நாங்கள் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிட்டோம். அத்தான் சாய்ந்தாடும் நாற்காலியில், அக்கா சமையலறை முக்காலியில், நான் மாடிப்படியில், அவர்களுடைய ஒரே மகள் பெஞ்சில். நாலு பேர், நாலு திசை. மகள் படித்து முடித்து, தூரத்து ஊரில் வேலை கிடைத்துப் போனாள். போன தடவை லீவுக்கு வந்தவள் ஒரு வாரம் இருப்பதாகச் சொல்லியிருந்தாள். இரண்டாம் நாள் தட்டோடு பெஞ்சில் உட்கார்ந்தபடி, "அம்மா, ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்காம சாப்பிடறதுக்கு இவ்வளவு தூரம் வரணுமா? அதை நான் அங்க தனியாவே செய்யறேனே" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் மறுநாளே கிளம்பிவிட்டாள். ஏதோ அவசர வேலையாம். அக்கா அவள் சாப்பிட்ட தட்டைக் கழுவும்போது அழுதாள். நான் பார்த்தேன்.

அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் கழித்து இப்போதுதான் மகள் வருகிறேன் என்று போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம். அக்கா போனை வைத்துவிட்டு நேராக ஹாலுக்கு வந்தாள். அத்தான் எதையோ கவிழ்த்துப் போட்டுத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா கேட்டுக்கோங்க. ஞாயித்துக்கிழமை அவ உள்ள வரும்போது இங்க ஒரு டேபிள் இருக்கணும். இல்லேன்னா முக்குக் கடையில பச்சைக் கலர்ல பிளாஸ்டிக் டேபிள் நிக்குதே, அதை வாங்கி நடு ஹால்ல போட்டுருவேன். அப்புறம் என் ஆயுசுக்கும் அது அங்கதான் இருக்கும்."

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. அக்கா சொன்னால் செய்வாள். பெண்டாட்டி அடிமடியிலேயே கை வைத்துவிட்டாள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் பழைய சாமான் கடைக்குப் போனோம். அந்தக் கடைக்காரருக்கு நாங்கள் வைத்த பெயர் தாத்தாக்காரர். எதைக் காட்டினாலும், "இது எங்க தாத்தா உக்காந்தது" என்பார். அத்தான் எண்ணிப் பார்த்த வரையில் அந்தத் தாத்தா நாற்பத்திரண்டு நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறார். உட்காருவதைத் தவிர அவருக்கு வேறு ஜோலியே இருந்திருக்காது.

கடையின் கடைசி மூலையில் அந்த மேஜை நின்றது. கறுத்த பலகை, உருண்ட கால்கள், ஓரத்தில் கீறல்கள், ஆங்காங்கே புழு ஓட்டை. "எங்க தாத்தா சாப்பிட்டது" என்றார் தாத்தாக்காரர். பரவாயில்லை, சாப்பிடவும் செய்திருக்கிறார். அத்தான் வாசல் பக்கம் ஒரு விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அக்கா ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு மேஜை முன்னால் உட்கார்ந்தாள். முழங்கால் இடிக்காமல் உள்ளே போனது. முழங்கைகளைத் தூக்கி மேலே வைத்தாள். எதிரில் நின்ற என்னைப் பார்த்தாள். பதினோரு வருஷத்துக் களைப்பும் அந்த மேஜை மேல் இறங்கிவிட்டது போல இருந்தது.

அப்புறம் பலகையின் அடிப்பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே போனவள் சட்டென்று நின்றாள். எதையோ சுரண்டினாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அதை என் கைக்குள் திணித்தாள். ஒரு சின்னக் காகித ஒட்டி. தொழிற்சாலை பெயர், ஒரு நம்பர், செய்த தேதி. நாலு மாதத்துக்கு முந்தைய தேதி.

"அக்கா, இதுக்கு வயசு நாலு மாசம். இன்னும் பல்லுகூட முளைச்சிருக்காது."

"வாயை மூடு. இது எனக்குப் பிடிச்சிருக்கு."

"பிடிச்சிருந்தா நேரா சொல்லி வாங்கேன். எதுக்கு இந்தத் திருட்டு வேலை?"

"புதுசுன்னு தெரிஞ்சா அவரு இதுல உக்காரவே மாட்டாருடி. நாம மூணு பேரு இங்க உக்காந்து, அவரு அந்த ஆடற நாற்காலியில தனியா உக்காந்தா, எனக்கு டேபிள் எதுக்கு? நாலு பேரும் உக்காரணும். நீ மட்டும் வாயைத் திறந்தே, நாளையிலருந்து உனக்குக் கீழ காப்பி கிடையாது."

காப்பி விஷயத்தில் நான் கோழை. ஒட்டியை என் கைப்பைக்குள் நூல்கண்டுகளுக்கு நடுவில் ஒளித்து வைத்தேன்.

அத்தான் வந்தார், வழக்கம்போல மேஜைக்கு அடியில் மல்லாந்தார். தட்டினார், முகர்ந்தார், நகத்தால் கீறினார். தாத்தாக்காரர் பலகைக்குத் தேயிலைச் சாயமோ என்னமோ நன்றாகவே ஏற்றியிருக்க வேண்டும். அத்தான் வெளியே வந்தபோது முகத்தில் பாதி சந்தோஷமும் பாதி சந்தேகமும் இருந்தன. "நல்லாத்தான் இருக்கு. இந்த ஓட்டைங்கதான் கொஞ்சம் இடிக்குது. இப்போதைக்கு எடுத்துட்டுப் போறேன். நாளைக்குக் காலையில எனக்கு டூட்டி இருக்கு, ஒரு காலைப் படம் எடுத்துப் பாத்துடறேன். சரியில்லேன்னா திருப்பிக் கொண்டுவந்துருவேன்" என்றார். தாத்தாக்காரர் எச்சிலை விழுங்கினார். அக்காவும் விழுங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தான் நாலாவது காலைக் கழற்றித் துண்டில் சுற்றி, குழந்தையைத் தூக்குவது போல மார்போடு அணைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். மேஜை மூன்று காலோடு ஹாலில் நின்றது. நாலாவது மூலைக்கு என் தையல் முக்காலியும் அதன் மேல் இரண்டு தடிப் புத்தகங்களும் முட்டுக்கொடுத்தன. அக்கா அதன் மேல் புதுத் துணி விரித்தாள். நாலு தட்டு வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"கண்டுபிடிச்சிருவாரு" என்றேன்.

"தெரியும்."

"அப்புறம்?"

"அப்புறம் பச்சை பிளாஸ்டிக்குதான். வேற என்ன பண்றது?" என்றாள். எனக்கு அத்தான் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இத்தனை வருஷம் பெண்டாட்டியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஊடுருவிப் பார்த்த மனுஷன் என்று திட்டிக்கொண்டே மாடிக்கும் கீழுக்குமாக நடந்தேன்.

பன்னிரண்டு மணிக்கு அத்தான் வந்தார். ஒரு கக்கத்தில் மேஜைக்கால், இன்னொரு கக்கத்தில் பழுப்பு உறை. நேராக ஜன்னலருகே போய், உறையிலிருந்து படத்தை உருவி வெளிச்சத்தில் பிடித்தார். ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே பார்த்திருப்பார். இருந்தாலும் பார்த்தார். நான் அவர் தோளுக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தேன்.

எனக்கு எக்ஸ்ரே தெரியாது. ஆனால் அதைப் படிக்க எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கால் ஒரே மரமில்லை, ஏழெட்டுத் துண்டுகளை ஒட்டியது. நடுவில் ஊசி நுனியோடு பளபளவென்று இரண்டு திருகாணிகள். புழு ஓட்டைகள் பதினான்கும் அடிக்கோல் வைத்து அளந்த மாதிரி ஒரே ஆழத்துக்கு, ஒரே நேராக உள்ளே போய் நின்றிருந்தன. அப்படி ஒழுக்கமான புழுக்களை நான் கேள்விப்பட்டதே இல்லை.

அக்கா மேஜையருகே நின்றாள். விரித்த துணியின் சுருக்கத்தைக் கையால் நீவிக்கொண்டிருந்தாள். முறிந்து கூடிய அந்த மணிக்கட்டு இன்னும் லேசாகக் கோணல்தான். நாலு தட்டுக்கும் பக்கத்தில் நாலு தண்ணீர் டம்ளர் வேறு வைத்திருந்தாள். அவரைப் பார்க்காமல் கேட்டாள்.

"என்னங்க, என்ன தெரியுது?"

அத்தான் படத்தைப் பார்த்தார். தட்டுகளைப் பார்த்தார். நீவிக்கொண்டிருந்த அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் வாயைத் திறந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நாங்க சொல்லக் கூடாதும்மா" என்றார் அத்தான். "டாக்டர்தான் சொல்லணும்."

அக்காவின் கை நின்றது. ஆறு வருஷத்துக்கு முன் இதே வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு மறந்திருக்காது. மெதுவாக நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"டாக்டர் எப்ப வருவாரு?"

"லீவுல இருக்காரு."

"எத்தனை நாளு லீவு?"

"ரொம்ப நாளாகும்னுதான் பேசிக்கறாங்க."

அக்கா விறுவிறுவென்று சமையலறைக்குள் போய்விட்டாள். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள், தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று போய்ப் பார்த்தேன். இரண்டும்தான்.

அத்தான் படத்தை உறைக்குள் போட்டு அலமாரியின் உச்சியில் செருகினார். அப்புறம் காலை எடுத்துக்கொண்டு மேஜைக்கு அடியில் மல்லாந்து படுத்தார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? குனிந்து, "அத்தான், அந்தப் புழு எல்லாம் நேராப் போயிருக்கே" என்றேன்.

"படிச்ச புழுவா இருக்கும். ஸ்பேனரை எடு, டெய்லரம்மா."

கைப்பையில் இருந்த ஒட்டியை அன்றே அடுப்பில் போட்டுவிட்டேன்.

மகள் ஒரு மணிக்கு வந்தாள். செருப்பைக் கழற்றிக்கொண்டே ஹாலைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பையைக் கீழே போட்டாள். நேராக வந்து அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்தாள். எனக்கு எதிரில் அத்தான். உயரம் வேறு வேறான நாற்காலிகள் என்பதால் என் தலை மட்டும்தான் மேஜைக்கு மேலே தெரிந்தது, அது வேறு கதை. கொஞ்ச நேரம் சாப்பிட்ட பிறகு மகள் விரல் முட்டியால் பலகையைத் தட்டிப் பார்த்தாள். என்ன இருந்தாலும் அவர் பெற்ற பெண்தானே.

"அப்பா, இது எத்தனை வருஷத்துப் பழசு?"

அத்தான் தட்டைப் பார்த்தார். நான் தண்ணீர் டம்ளரைப் பார்த்தேன்.

"அதெல்லாம் டாக்டர்தான் சொல்லணும்" என்றாள் அக்கா. "நீ சாப்பிடு."

"எந்த டாக்டர்?"

அக்கா அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள். நாலு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.